நீரிழிவாளரின் இருதயப் படமும் சிறுநீரகக் காப்பும்

பெங்களூரிலிருந்து சித்தூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பழைய பெருவழியில், பீடபூமி முடிந்து மொகிலி மலைச்சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்னதாகப் பலமனேர் என்னும் ஊர் உள்ளது. நேயர்களுள் பலர் அதனை இரவுப் பேருந்தின் சன்னல் வழியாகவே கண்டிருப்பர். சுடுமண் பானைகளுக்கும் பொம்மைகளுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் அதன் சந்தையில் ஒருங்கே ஒலிக்கும். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்த காலத்தில் அப்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது; 1953-இல் ஆந்திர மாநிலத்தின்பால் சென்றது. எல்லை நகர்ந்ததேயன்றி அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் நகரவில்லை. அத்தகைய குடும்பம் ஒன்றில் நம் பெரியம்மா வாழ்ந்து வருகிறார்.

இருதய நோய் என்று கேள்விப்பட்டவுடன் பலமனேர் மக்களுக்கு மூன்று வழிகள் தோன்றும். மலையிறங்கிச் சித்தூரைக் கடந்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்வது ஒரு வழி. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்து 1993 முதல் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை நாடித் திருப்பதிக்குச் செல்வது மற்றொன்று. மேற்கே பெங்களூருக்குச் செல்வது மூன்றாவது. மூன்று திசையிலும் நல்ல வைத்தியம் கிடைக்கிறது. நம் பெரியம்மா எந்தத் திசையில் சென்றார், எந்த மருத்துவமனையில் சேர்ந்தார் என்பவை இங்கு வேண்டா. அங்கு நேர்ந்த பிழையில் ஒரு பாதி நம்முடையது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியம்மாவுக்கு அப்போது வயது 68. நீரிழிவு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடிப்படி ஏறினால் மார்பில் பாரம் தோன்றிற்று. ஆஞ்சியோகிராம் என்னும் இருதயக் குழாய்ப் படம் எடுக்கவேண்டும் என்றார் மருத்துவர். மருத்துவமனையில் தந்த சீட்டையும் சம்மதப் படிவத்தையும் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பு இயல்பாகவே நம்மிடம் வந்தது. மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரிவோர்க்குக் குடும்பத்தில் கிடைக்கும் ஊதியமில்லா உத்தியோகம் அது. “நள்ளிரவுக்குப் பின் வாய்வழி எதுவும் கூடாது” என்றிருந்தது சீட்டில், அப்படியே சொன்னோம். தண்ணீரும் கூடாதா என்று அவர் கேட்டார். எதுவும் என்றால் தண்ணீரும் அடங்கும் என்று அகராதி முறையில் விளக்கம் தந்தோம். படிவத்தில், “வலி நிவாரணிகள் உட்கொள்கிறீரா?” என்றொரு வினா இருந்தது. அதையும் அதே நடையில் கேட்டோம். “அதெல்லாம் எதுவும் சாப்பிடறதில்லையப்பா” என்றார். இல்லை என்று எழுதினோம்.

விடியுமுன் வண்டியேறிச் சென்றோம். காலை ஒன்பது மணிக்கென்றிருந்த முறை, அவசர நோயாளிகள் வந்தமையால் பிற்பகல் மூன்றுக்குத் தள்ளிப்போயிற்று. இருதயக் குழாயில் அடைப்பு இருந்தது. அன்றே ஸ்டென்ட் என்னும் வலைக்குழல் வைக்கப்பட்டது. மார்பின் பாரம் நீங்கிற்று. மூன்றாம் நாள் இரத்தத்தைச் சோதித்தபோது 1.2 ஆக இருந்த கிரியேட்டினின் அளவு 2.3 ஆக உயர்ந்திருந்தது. சிறுநீரகங்கள் திகைத்து நின்றுவிட்டன என்பது இதன் பொருள்.

இருதயத்தைப் படம் பிடிக்கையில் சிறுநீரகத்திற்கு என்ன வந்தது? இருதயத்துக்குள் குழல் செலுத்தும் துணிவு முதலில் 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபார்ஸ்மன் என்னும் இளம் மருத்துவருக்கு வந்தது. தம் கையிலிருந்த இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழலைத் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்று அது இருதயத்தை எட்டியதைப் படமெடுத்தார். அக்குழல் உண்மையில் சிறுநீர்ப் பாதைக்கென்று செய்யப்பட்டது. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு அன்றே தொடங்கியது போலும்! 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் என்பவர் பெருநாடியில் செலுத்தவிருந்த மருந்து, குழல் இடம் மாறியதால் இருதயத்தின் சொந்தக் குழாய்க்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார், அத்தற்செயலிலிருந்து இன்றைய ஆஞ்சியோகிராம் பிறந்தது.

அம்மருந்தைச் ‘சாயம்’ என்று சொல்லும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. தம் இரத்தம் நிறம் மாறிவிடுமோ என்று பெரியம்மாவும் அஞ்சினார். உண்மையில் அது கண்ணுக்கு நீர்போல் தெளிந்த திரவம். அதிலுள்ள அயோடின் அணுக்கள் எக்ஸ்-கதிரைத் தடுப்பதால், அது செல்லும் குழாய் மட்டும் படத்தில் கோடாய்த் தெரிகிறது. அலுவலகச் சொற்பட்டியல்களில் இதற்கு நீண்ட பெயர்கள் உண்டு. நோயாளியின் கட்டிலருகில் அவை பயன்படா. சாயம் என்றே நாமும் சொல்வோம், நிறமில்லாச் சாயம் என்னும் நினைவோடு.

அச்சாயத்தை உடல் பயன்படுத்திக்கொள்வதில்லை. செலுத்தியது செலுத்தியவாறே வெளியேற வேண்டும். வெளியேறும் வாயில் சிறுநீரகமே. கைமுட்டியளவேயான இவ்வுறுப்புகள் இரண்டும், இருதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பெற்று, ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றரை இரண்டு லிட்டர் நீங்கலாக எஞ்சியதைத் திரும்பவும் உடலுக்கே தந்துவிடுகின்றன. இவ்வளவு குருதி பாய்ந்தும், சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதும் பிராணவாயுப் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வேலை செய்கிறது. சாயம் வந்தவுடன் அங்குள்ள நுண்குழாய்கள் சுருங்குகின்றன. பிராணவாயு மேலும் குறைகிறது. நீர் வற்றிய உடலில் சாயம் கெட்டிப்பட்டு, வடிகுழல்களில் நெடுநேரம் தங்கி, அவற்றின் உட்சுவரை நேராகவும் தாக்குகிறது.

நீரிழிவாளரின் நிலை இன்னும் நுட்பமானது. பல ஆண்டுச் சர்க்கரை அவருடைய நுண்குழாய்களை முன்னமே தடிக்கச் செய்திருக்கும்; வடிகட்டிகள் சில தேய்ந்திருக்கும். ஆயினும் நீரிழிவு மாத்திரம் இருந்து சிறுநீரகம் செம்மையாக இருப்பவர்க்கு ஆபத்து குறைவே. நீரிழிவும் சிறுநீரகத் தேய்வும் சேர்ந்திருப்பவரே எச்சரிக்கைக்கு உரியவர். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். அவர்களுள் தம் சிறுநீரகத்தின் நிலையை எண்ணால் அறிந்தவர் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண் என்றோமே, அதில் ஒரு வஞ்சகம் உண்டு. பெரியம்மாவின் கிரியேட்டினின் 1.2 என்று கண்டு, ‘ஏறக்குறைய சரிதான்’ என்று நாமும் மகிழ்ந்தோம். சோதனைச் சாலையின் தாளிலும் அதற்கு அடிக்கோடு இல்லை. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை மிகுந்த முப்பது வயது ஆடவருக்கு 1.2 இருந்தால், 2021-இல் வெளியான கணக்கு முறைப்படி அவருடைய வடிதிறன் நிமிடத்திற்குச் சுமார் 83 மில்லிலிட்டர். அதே 1.2, அறுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு இருந்தால் வடிதிறன் 49 தான். ஒரே எண், இரு வேறு சிறுநீரகங்கள்! ஆதலால் கிரியேட்டினினை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல், வயதும் பாலும் சேர்த்துக் கணக்கிட்ட வடிதிறன் எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். அறுபதுக்குக் கீழ் என்றால் கவனம் வேண்டும்; முப்பதுக்குக் கீழ் என்றால் சிறுநீரக நிபுணரின் யோசனையும் வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்ற சோதனையையும் சேர்த்துக்கொள்வது நன்று. கிரியேட்டினின் உயருமுன்பே தேய்வைக் காட்டிக்கொடுப்பது அதுவே.

இனிக் காப்பு யாது என்பதைக் காண்போம். நேயர்கள் பெரிய மருந்தொன்றை எதிர்பார்க்கலாம். விடை உப்பு நீர். இதைக் கண்டடைய மருத்துவ உலகம் பட்ட பாடு சுவையானது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்தால் சாயம் விரைந்து வெளியேறும் அல்லவா என்று ஒரு காலத்தில் கருதினர். 1994-இல் அமெரிக்காவில் சிறுநீரகத் தேய்வுள்ள 78 பேரிடம் இதைச் சோதித்தனர். உப்பு நீர் மட்டும் பெற்றவர்களே மேலாக இருந்தனர். சிறுநீர் பெருக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் அவர்களைவிடக் கெட்டனர். நீர் வெளியே போவதன்று, உள்ளே இருப்பதே காப்பு என்பது அப்போது தெளிவாயிற்று.

பின்னர் 2000-இல் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மருந்து புகழ்பெற்றது. சளியை இளக்கும் பழைய மருந்து, மலிவானது, தீங்கற்றது. ஒரு சிறு ஆய்வில் அது அற்புதம் செய்ததாகத் தெரிந்தது. உலகெங்கும் இருதயப் படத்திற்கு முன் அம்மருந்தைக் கொடுக்கலாயினர். சமையற்சோடாவின் உறவான பைகார்பனேட் கரைசலும் அவ்வாறே புகழ்பெற்றது. 2011-இல் பிரேசில் நாட்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த ஆய்வு ஐயத்தை எழுப்பியது. 2018-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் பேரிடம், அதிலும் பெரும்பாலும் நீரிழிவாளரிடம், நடந்த பேராய்வு முடிவு சொல்லிற்று: இரண்டு மருந்துகளும் சாதாரண உப்பு நீருக்கு மேலாக எதையும் செய்யவில்லை. பதினெட்டு ஆண்டுகள் உலகம் நம்பியதை ஓர் ஆய்வு கீழே இறக்கிவைத்தது. இன்றும் சில இடங்களில் அம்மருந்து வழங்கப்படுவதுண்டு. பழக்கம் எளிதில் போவதில்லை.

உப்பு நீரையும் கண்மூடி ஏற்றலாகாது. இருதயம் தளர்ந்தவருக்கு மிகையாக நீரேற்றினால் அது நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறச் செய்யும். இதற்கும் ஒரு வழி கண்டனர். 2014-இல் வெளியான ஆய்வொன்றில், இருதயத்தின் இடது அறையிலுள்ள அழுத்தத்தைக் குழலின் வாயிலாக அளந்து, அதற்கேற்ப நீரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தனர். ஒரே அளவாக நீர் பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அளந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கே பாதிப்பு நேர்ந்தது.

சாயத்தின் வகையும் அளவும் மருத்துவர் கையில் உள்ளவை. பழைய சாயங்களின் செறிவு குருதியைப்போல் ஐந்தாறு மடங்கு இருந்தது. சுவீடன் நாட்டு டார்ஸ்டன் ஆல்மென் என்பவர், உவர்ப்பு மிகுந்த கடலில் கண் திறந்தால் எரிவதையும் உவர்ப்புக் குறைந்த நீரில் எரியாததையும் எண்ணி, செறிவு குறைந்த சாயம் வேண்டும் என்று 1960-களில் வாதிட்டார். இன்று நம் மருத்துவமனைகளில் வழங்குவது அவ்வகையே. அளவைப் பொறுத்தமட்டில், வடிதிறன் எண்ணின் மூன்று மடங்கைத் தாண்டாதிருக்க மருத்துவர்கள் முயல்கின்றனர். பெரியம்மாவின் 49-க்கு இக்கணக்கு 147 மில்லிலிட்டர் ஆகும். படம் மட்டும் எடுப்பதற்குப் பொதுவாக இதில் பாதிகூடத் தேவைப்படாது. ஸ்டென்ட் வைக்கும்போதே அளவு ஏறுகிறது. அவசரமில்லையெனில் படத்தை ஒரு நாளும் ஸ்டென்ட்டைச் சில நாட்கள் கழித்தும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. செலவும் அலைச்சலும் கூடும் என்பது மெய்தான்.

நோயாளி கையில் உள்ளவை மாத்திரைகள். நீரிழிவுக்குப் பலரும் உண்ணும் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஒரு பழி உண்டு. அது பொய்ப்பழி. சிறுநீரகம் திடீரென நின்றால் அம்மருந்து உடலில் தேங்கி, இரத்தத்தில் ஒருவகை அமிலத்தைப் பெருக்கும், அதுவே அச்சம. ஆகவே வடிதிறன் குறைந்தவர்க்குப் படமெடுக்கும் நாளில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினினைச் சோதித்து, சரியாயிருந்தால் மீண்டும் தொடங்கச் சொல்வர். இரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை ஆகியவற்றை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்துவது பெருந்தவறு.

மெய்யான பகைவன் வேறொன்று. மூன்றாம் நாள் கிரியேட்டினின் உயர்ந்ததைக் கண்ட இளம் மருத்துவர் ஒருவர் பெரியம்மாவின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது: டைக்ளோஃபினாக். “இது என்ன பெரியம்மா?” என்றோம். “அது முழங்கால் மாத்திரையப்பா; வண்டியில் கால் மடக்கி உட்கார வேண்டுமே என்று இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டேன்” என்றார். வலி நிவாரணி என்ற சொல்லை அவர் வாழ்நாளில் பயன்படுத்தியதில்லை. நாம் கேட்டது தமிழ்தான். அவருடைய தமிழ் அன்று. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் குருதி பாயும் வழியைச் சுருக்குபவை. நீர் வற்றிய உடல், சுருங்கிய வழி, அதன் மேல் சாயம்: மூன்றும் ஒரே நாளில் கூடிவிட்டன.

தண்ணீர் விஷயமும் அவ்வாறே. மயக்க மருந்து வல்லுநர்களின் பொது விதி, திட உணவுக்கு ஆறு மணி நேரமும் தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும் என்பது. வயிறு மெல்லக் காலியாகும் நீரிழிவாளர் சிலருக்கு மருத்துவர் இதை மாற்றக்கூடும். நாம் ஒரு வினா கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பதினைந்து மணி நேரம் நம் பெரியம்மா ஒரு மிடறு தண்ணீரின்றி இருந்தார். நம் மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதனாலேயே இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். ஊரில் பெற்றோருடன் மருத்துவமனைக்குச் செல்லும்போதும், நாம் குடியேறிய ஊரில் அவர்களை அழைத்துச் செல்லும்போதும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நின்று பேசுபவர் பெரும்பாலும் நாமே. மராத்தியிலோ இந்தியிலோ வங்காளியிலோ கேட்ட வினா நம் வாய்வழியாகவே அவர்களைச் சென்றடைகிறது. மருந்தின் பெயரைக் கேட்பதைவிட மாத்திரை அட்டைகள் யாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் கொட்டுவது மேல். பழைய இரத்தச் சோதனைத் தாள்களையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். புதிய ஊரில் இன்றைய எண் மட்டும் தெரிந்தால், அது ஏறி வந்ததா இறங்கி வந்ததா என்று மருத்துவர் அறிய இயலாது.

இவற்றையெல்லாம் கேட்டு, இருதயப் படமே வேண்டா என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் நாம் எழுதியது தீங்காய் முடியும். மாரடைப்பு வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மடிகிறது. அப்போது கிரியேட்டினின் முடிவுக்காகக் காத்திராமல் குழாயைத் திறப்பதே முறை. மேலும், படத்திற்குப் பின் வரும் சிறுநீரகக் கேடு யாவும் சாயத்தால் வந்ததன்று என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. தளர்ந்த இருதயமே குருதியைக் குறைவாக அனுப்பியிருக்கலாம். குழல் செல்லும்போது பெருநாடிச் சுவரின் கொழுப்புத் துகள் உதிர்ந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கலாம். முன்னர் ‘சாயத்தால் விளைந்த கேடு’ என்று எழுதிவந்த மருத்துவ நூலோர் இப்போது ‘சாயத்தைத் தொடர்ந்த கேடு’ என்று எழுதத் தலைப்பட்டுள்ளனர். ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு பெரிய வழக்கே அடங்கியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் கண்டு மகிழ்ந்தோம்.

பெரும்பாலோர்க்கு இக்கேடு தானே தணியும். கிரியேட்டினின் ஓரிரு நாளில் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் இறங்குகிறது. டயாலிசிஸ் தேவைப்படுவோர் மிகச் சிலரே. ஆனால் உச்ச நாளில் நோயாளி வீட்டில் இருக்கிறார். சிறுநீரும் பெரும்பாலும் வழக்கம்போலவே கழிகிறது. வலி ஏதும் இல்லை. சோதித்தாலன்றித் தெரியாது. தெரியாமலே மெட்ஃபார்மினையும் முழங்கால் மாத்திரையையும் மீண்டும் தொடங்குவதுதான் ஆபத்து. வீட்டுக்கு வருவோர் அன்போடு கொண்டுவரும் இளநீரையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நின்றிருக்கும் நாளில் அது தேங்கி இருதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அந்த ஒரு வாரம் சாதாரணத் தண்ணீரே நல்லது, மருத்துவர் சொன்ன அளவில்.

பெரியம்மாவின் கிரியேட்டினின் பன்னிரண்டாம் நாள் 1.3-க்கு இறங்கிற்று. ஈராண்டு கழித்து மறுபடியும் மார்பில் பாரம் தோன்றி, இரண்டாம் முறை படம் எடுக்க நேர்ந்தது. இம்முறை முதல் நாள் மாலையே மருத்துவமனையில் சேர்த்து உப்பு நீர் ஏற்றினர். மாத்திரைப் பையை அவரே கொட்டிக் காட்டினார். “எத்தனை மணி வரைக்கும் தண்ணீர் குடிக்கலாம் என்று கேளப்பா” என்று நம்மை ஏவினார், கேட்டோம், காலை ஆறு மணி வரை என்றனர். எட்டு மணிக்குப் படமெடுத்து முடிந்தது, ஸ்டென்ட் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் இரத்தத்தைப் பலமனேரிலேயே ஒரு சோதனைச் சாலையில் கொடுத்தோம். மாலையில் தொலைபேசியில் எண் வந்தது: 1.3.